டீசலை இறக்கி மின்மோட்டாரை ஏற்றினால்: சிறு பாய்மரப் படகின் ஆற்றல் கணக்கு

1970களிலும் 80களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. கண்ணாடியிழை உளுத்துப்போவதில்லை, துருப்பிடிப்பதில்லை. அதனால் அந்தப் படகுகளில் மிகப் பல இன்றும் நல்ல உடலோடு மிதக்கின்றன. அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் இன்ஜின்களுக்குத்தான் ஆயுள் முடிந்துகொண்டு வருகிறது. புகைக்குழாய் அரித்துப்போயிருக்கும், கம்ப்ரெஷன் இறங்கியிருக்கும், உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். புது டீசல் இன்ஜின் வாங்கிப் பொருத்தும் செலவு பல நேரங்களில் படகின் விலையையே தாண்டிவிடும். இந்த நிலையில்தான் உரிமையாளர்கள் பலருக்கு மின்மோட்டாரின் நினைவு வருகிறது. எண்ணெய் வேண்டாம், புகை வராது, சத்தம் இருக்காது, பராமரிப்பும் குறைவு.

சொல்லப்படும் இந்த நன்மைகள் எல்லாமே உண்மை. ஆனால் மோட்டாரைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஆற்றல் சேமிப்பைப் பற்றிப் பேசப்படுவதில்லை. இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரை வைப்பது வெறும் இயந்திர வேலை. கைத்திறன் உள்ளவர் தானே செய்துவிடலாம். டீசல் தொட்டி இருந்த இடத்தில் பேட்டரியை வைப்பது அப்படிப்பட்டதல்ல. எந்த வேகத்தில் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த நேரத்தில் துறையை விட்டுக் கிளம்பலாம் என்று படகோட்டியின் பழக்கம் அத்தனையையும் அது மாற்றிவிடும். அந்த மாற்றத்தை விரும்புகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. விரும்பாதவருக்கு எத்தனை விலை உயர்ந்த மோட்டாரும் உதவாது.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் கணக்கு பிடிபடாது. ஒரு படகை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பட்லரின் நிறுவனம் 1970களின் நடுவிலிருந்து கட்டிய கேட்டலினா 30. ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட வகை. அமெரிக்கக் கரைகளில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் ஒன்றிரண்டு நிற்கும். மிதக்கும்போது நீரைத் தொடும் நீளம் 25 அடி. எடை சுமார் 4.6 டன், அதில் 1.9 டன் படகு கவிழாமல் பிடித்துவைக்கும் கீலின் பாரம். தொடக்ககாலப் படகுகளில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் இன்ஜின் இருந்தது. பிறகு 11 குதிரைத்திறன் டீசல் வந்தது, அதற்கும் பிறகு இன்னும் பெரியவை. இந்தப் படகு சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விரிகுடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் நீரோட்டம். அதைப் பிறகு பார்ப்போம்.

கடைசி ஒரு ‘நாட்’ வேகத்தின் விலை

படகின் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நீரைப் பிளந்து செல்லும் படகு தன் முன்பக்கத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளமும் படகின் நீர்க்கோட்டு நீளமும் ஒன்றாகும்போது, படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு உந்தினாலும் அந்த மேட்டில் ஏற முயல்வதாகவே ஆகும். அந்த எல்லைக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5. ஆக எல்லை 6.7 நாட்.

எல்லையை நெருங்குவதற்கு வெகு முன்பே செலவு ஏறத் தொடங்கிவிடும். இடுப்பளவு நீரில் நடந்து பார்த்தவருக்கு இது உடம்பிலேயே தெரியும்: மெதுவாக நடந்தால் நீர் வழிவிடும், ஓட முயன்றால் சுவராகிவிடும். தோராயமாக வேகத்தின் மூன்றாம் அடுக்கில் திறன் தேவை கூடுகிறது. எல்லைக்கு அருகில் அதைவிடவும் செங்குத்தாக ஏறுகிறது. நாம் எடுத்துக்கொண்ட அளவிலான படகுக்கு, அடிப்பாகம் சுத்தமாக இருந்து நீரும் அமைதியாக இருந்தால், 3 நாட் வேகத்துக்கு முக்கால் கிலோவாட்டை ஒட்டியும், 4 நாட்டுக்கு 2 கிலோவாட்டை ஒட்டியும், 5 நாட்டுக்கு 4 கிலோவாட்டுக்குச் சற்று மேலும் தேவைப்படும். 6 நாட் வேண்டுமென்றால் 9 கிலோவாட் வரை போகும். நான்கிலிருந்து ஆறுக்கு வேகம் ஒன்றரை மடங்கு, செலவு நாலரை மடங்கு.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை; கவனிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. த்ராட்டிலைத் தள்ளுவார், படகு ஆறு நாட்டில் போகும், தொட்டியில் இருக்கும் டீசல் கொஞ்சம் சீக்கிரம் குறையும். பேட்டரியில் ஓடும் படகில் அதே கைப்பிடி அசைவு அன்றைய பயணத்தின் நீளத்தையே தீர்மானித்துவிடும்.

தொட்டியும் பேட்டரியும்

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி (வீட்டு மின்கணக்கில் ‘யூனிட்’ என்பது) ஆற்றல் இருக்கிறது. சிறு கடல் இன்ஜின் அதில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே, புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மீதி வெப்பமாகக் கடலுக்கும் காற்றுக்கும் போய்விடும். கேட்டலினாவின் தொட்டியில் 70 லிட்டர் இருப்பதாகக் கொண்டால், கையில் கிடைக்கும் ஆற்றல் 180 கிலோவாட்-மணிக்கும் மேல்.

இனி பேட்டரி. இன்று படகுகளுக்குப் பெரும்பாலோர் எடுப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 280 ஆம்பியர்-மணி செல் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், எடை ஐந்தரை கிலோவுக்குள். பதினாறு செல்களை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட், 14.3 கிலோவாட்-மணி. செல்களின் எடை மட்டும் 90 கிலோவுக்குள் முடிந்துவிடும். பெட்டி, பட்டை, ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டும். அடிமட்டம் வரை காலி செய்யாமல் கொஞ்சம் மீதி வைப்பது பேட்டரிக்கும் நல்லது, படகோட்டிக்கும் நல்லது. எனவே பயன்படுத்தக்கூடியது 12 கிலோவாட்-மணி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பன்னிரண்டை மேலே சொன்ன எண்களால் வகுத்துப் பாருங்கள். 6 நாட்டில் போனால் ஒரு மணி இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். 8 கடல் மைல். 5 நாட்டில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 14 கடல் மைல். 4 நாட்டில் ஆறு மணி நேரம். 24 கடல் மைல். 3 நாட்டில் ஊர்ந்தால் பதினாறு மணி நேரம் வரை தாங்கும், தூரம் 45 மைலைத் தாண்டும். பேட்டரி ஒன்றே, படகு ஒன்றே; எட்டு மைலுக்கும் நாற்பத்தைந்து மைலுக்கும் இடையே நிற்பது ஓட்டுபவரின் பொறுமை மட்டும்தான்.

டீசல் தந்த தூரத்தையே பேட்டரியிலும் வேண்டுகிறவர் ஒன்றரை டன் பேட்டரி ஏற்ற வேண்டும். அது கீலின் பாரத்தை நெருங்கும் எடை. முப்பது அடிப் படகில் அதற்கு இடமும் இல்லை, அப்படி ஏற்றினால் படகு பாயில் ஓடுவதையே மறந்துவிடும். ஆகவே முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டியது இது: மாற்றிய படகு, டீசல் படகு போன தூரத்தில் சிறு பங்கைத்தான் மோட்டாரில் போகும். மற்றதைப் பாய்தான் இழுக்க வேண்டும்.

பழைய ஈய-அமில பேட்டரியில் செய்தால் மலிவு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கோல்ஃப் வண்டிகளுக்கு வரும் 6 வோல்ட் பேட்டரி எட்டை இணைத்தால் 48 வோல்ட், பெயரளவில் 10 கிலோவாட்-மணிக்குச் சற்று மேல். எடை 220 கிலோவைத் தாண்டும். அதில் பாதியைத்தான் ஆயுள் கெடாமல் எடுக்கலாம். அதிக மின்னோட்டத்தில் இழுத்தால் கிடைக்கும் அளவு இன்னும் சுருங்கும். துறைக்குள் படகை நகர்த்த மட்டுமே மோட்டார் வேண்டும் என்பவருக்கு அது போதலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குதிரைத்திறன் பற்றிய விளம்பரம்

மின்மோட்டார் விற்பவர்களில் சிலர், தங்கள் ஒரு கிலோவாட் டீசலின் மூன்று குதிரைத்திறனுக்குச் சமம் என்று சொல்வதைக் கேட்கலாம். ஒரு குதிரைத்திறன் 0.746 கிலோவாட். ஷாஃப்டில் வந்து சேர்ந்த கிலோவாட் எங்கிருந்து வந்தாலும் கிலோவாட்தான். நீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இந்தச் சொல்லை நம்பி, 11 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துவிட்டு 3 கிலோவாட் மோட்டாரைப் போட்டவர், எதிர்க்காற்றில் முன்னேற முடியாமல் நிற்கும்போதுதான் பொய்யைக் கண்டுகொள்வார்.

ஆனாலும் அதற்குள் ஓர் உண்மைத்துணுக்கு இருக்கிறது. டீசல் இன்ஜின் தன் முழுத் திறனை உச்சச் சுற்றில்தான் தரும். அந்தச் சுற்றிலேயே யாரும் நாள் முழுவதும் ஓட்டுவதில்லை; வழக்கமாக ஓடும் சுற்றில் புரொப்பல்லர் கேட்பதே பாதிக்கும் குறைவான திறன். ஆக, பெயர்ப்பலகையில் இருக்கும் குதிரைத்திறனை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை. தவிர, மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். துறைக்குள் திரும்பும்போதும், மோதாமல் நிறுத்தப் பின்னோக்கி உந்தும்போதும் இது பெரிய வசதி. கியர் விழும் வரை காத்திருக்க வேண்டாம், இன்ஜின் நின்றுவிடுமோ என்ற பதற்றம் இல்லை. விட்டம் கூடிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றினால் உந்தும் திறமையும் கூடும். படகின் அடியில் இடம் இருந்தால் புரொப்பல்லரையும் சேர்த்து மாற்றுவது மோட்டாரை மாற்றுவதற்கு இணையான பலன் தரும். இதைப் பலர் செய்வதில்லை. செலவு என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

கேட்டலினா அளவுப் படகுக்கு என் கணிப்பு, தொடர்ந்து 8 முதல் 10 கிலோவாட் தாங்கும் மோட்டார். அன்றாடம் தேவைப்படுவது இரண்டு கிலோவாட்தான். மீதி, கரையை நோக்கித் தள்ளும் காற்றில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்துக்காக. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உச்சத் திறனா, தொடர்ந்து தரும் திறனா என்று கேட்டு வாங்க வேண்டும். காற்றில் குளிரும் மோட்டார், மூடிய இன்ஜின் பெட்டிக்குள் அரை மணி நேரத்தில் சூடேறித் தானே திறனைக் குறைத்துக்கொள்வது உண்டு.

படகுக்குள் நடக்கும் வேலை

பழைய இன்ஜினை மேலே தூக்க, பாயின் அடிக்கட்டையான பூமிலேயே கப்பி கட்டி இழுப்பது படகுத்துறைகளில் வழக்கம். எண்ணெயும் கரியும் பல பத்தாண்டுகள் படிந்த அந்த இடத்தைக் கழுவிப் பெயிண்ட் அடித்த பிறகு படகின் வாசனையே மாறிவிடும். இன்ஜினைத் தாங்கிய மேடையிலேயே மோட்டாருக்கான சட்டத்தைப் பொருத்தலாம். மோட்டாரின் சுற்றைக் குறைத்து ஷாஃப்டுக்குக் கொடுக்கப் பெல்ட்டோ கியரோ இருக்கும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புரொப்பல்லர் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதன் எதிர்விசை ஷாஃப்ட் வழியாகப் படகை முன்னுக்குத் தள்ளுகிறது. டீசல் படகில் அந்தத் தள்ளுவிசையைத் தாங்குவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். கியர்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரை நேராக ஷாஃப்டில் இணைத்தால், நூற்றுக்கணக்கான கிலோ விசை மோட்டாரின் பேரிங் மீது விழும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தள்ளுவிசை தாங்கும் பேரிங் தனியாக வேண்டும், அல்லது மோட்டார் தொகுப்பிலேயே அது சேர்ந்து வர வேண்டும். ஷாஃப்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று படகு நீரில் மிதக்கும்போது சரிபார்க்க வேண்டும். கரையில் தூக்கி வைத்திருக்கும்போது படகின் உடல் சற்று வளைந்திருக்கும்.

மின்சாரப் பக்கத்தில் 48 வோல்ட் என்பது ஏறக்குறைய பொது வழக்கமாகிவிட்டது. 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால் தொட்டால் உயிருக்கு ஆபத்து குறைவு. அதற்கு விலையாக மின்னோட்டம் பெருகுகிறது: 10 கிலோவாட்டுக்கு 200 ஆம்பியர். கட்டைவிரல் தடிமன் வயர் வேண்டும், இணைப்பு ஒவ்வொன்றும் இறுக்கமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் ஓர் இணைப்பு பச்சை பிடித்தால் அங்கேயே சூடேறும். லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் அதை வெட்ட முடியாமல் உருகி எரியும். அந்த அளவு மின்னோட்டத்தை வெட்டவல்ல கிளாஸ் டி (Class T) ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைப்பார்கள். விளக்கு, ரேடியோ, பம்பு ஆகியவற்றுக்கான 12 வோல்ட், ஒரு கன்வெர்ட்டர் வழியாகத் தனியே வரும்.

பேட்டரி தீப்பிடிக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இரும்பு பாஸ்பேட் வகை, பல மின்கார்களில் வரும் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையைவிட வெப்பத்தில் நிலையானது. கட்டுமீறிச் சூடாக அதிக வெப்பநிலை வேண்டும். படகில் அதைவிட நடைமுறையான ஆபத்து வேறு. பேட்டரியைக் காக்கும் மேலாண்மைக் கருவி, ஏதோ ஒரு செல்லின் மின்னழுத்தம் இறங்கியதும் முன்னறிவிப்பு இல்லாமல் மொத்தத்தையும் துண்டித்துவிடும். நெருக்கமான துறைக்குள் திரும்பிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால், பேட்டரி தப்பிக்கும், பக்கத்துப் படகு தப்பிக்காது. துண்டிப்பதற்கு முன் எச்சரிக்கை ஒலி கொடுக்கும் கருவியையும், இணையாக இரண்டு பேட்டரித் தொகுப்பையும் வைப்பது இதற்காகத்தான். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, மின் உந்துதலுக்கு ஈ-30 என்றும் லித்தியம் பேட்டரிக்கு ஈ-13 என்றும் தனித் தரவிதிகள் வைத்திருக்கிறது. தானே செய்பவரும் அவற்றைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளரும் இவற்றை வைத்துத்தான் கேள்வி கேட்பார்.

இன்ஜினோடு சேர்ந்து போகும் சில சில்லறை வசதிகளும் உண்டு. டீசல் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்றியது, இன்ஜின் சூட்டில் குளிக்க வெந்நீர் கிடைத்தது. இனி அவற்றுக்கும் அதே பன்னிரண்டு கிலோவாட்-மணியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

திரும்ப நிரப்புவது

துறையில் கட்டியிருக்கும்போது சுவர் மின்சாரம் இருக்கிறது. அமெரிக்கத் துறைகளில் வழக்கமான 30 ஆம்பியர் இணைப்பில் 2 கிலோவாட் சார்ஜரைப் போட்டால் காலியான பேட்டரி ஓரிரவில் நிரம்பிவிடும். வாரத்தில் ஒருநாள் படகெடுப்பவருக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

துறையை விட்டு வெளியே இருப்பவருக்குச் சூரியன். முப்பது அடிப் படகில் 400 வாட் பலகை வைப்பதே சிரமம். பாயும் கயிறும் பூமும் நிழல் விழுத்திக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியக் கோடையில் நாளொன்றுக்கு ஒன்றரை கிலோவாட்-மணி வந்தால் நல்லது. 4 நாட்டில் அது முக்கால் மணி நேர ஓட்டம், 3 மைல். நங்கூரமிட்டு ஒரு வாரம் தங்கினால் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும்; தினமும் ஓட வேண்டுமென்றால் போதாது.

படகு பாயில் ஓடும்போது புரொப்பல்லரை நீர் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறும் என்பது கேட்க மிக இனிமையான செய்தி. நடக்கும், ஆனால் சிறு படகில் அளவு குறைவு. இதிலும் அதே மூன்றாம் அடுக்கு விதிதான். 6 நாட்டில் சாதாரண புரொப்பல்லர் நூறு, இருநூறு வாட் தரும். 4 நாட்டில் பேருக்குத்தான். நீள நீளமான கடல் பயணத்தில் நாள் முழுவதும் பலத்த காற்றில் ஓடும் படகுக்கு இது சேரும். ஃபின்லாந்தின் ஓஷன்வோல்ட் போன்ற நிறுவனங்கள் தகட்டின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் புரொப்பல்லர்களை இதற்காகவே செய்திருக்கின்றன. விரிகுடாவில் மாலை வரை ஓட்டிவிட்டுத் திரும்புபவர் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சிறு பெட்ரோல் ஜெனரேட்டரைத் தூக்கி மேல்தளத்தில் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 1.8 கிலோவாட் தொடர்ந்து வந்தால் 4 நாட்டை நெருங்கிவிடலாம், பெட்ரோல் இருக்கும் வரை. கணக்கு சரி. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கும். கார்பன் மோனாக்சைடு அறைக்குள் புகுந்தால் உறங்குபவர் எழுவதில்லை. டீசலின் பாதுகாப்பான குணத்தை விட்டுவிட்டு இதை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோல்டன் கேட்டின் நீரோட்டம்

இப்போது அந்த விரிகுடாவுக்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் நீர் முழுவதும் கோல்டன் கேட் பாலத்தின் அடியில் இருக்கும் குறுகிய வாயில் வழியாகத்தான் கடலுக்குப் போய் வருகிறது. வலுவான நாட்களில், கடலை நோக்கி வடியும் வற்று நீரோட்டம் அங்கே 4 நாட்டைத் தாண்டும். மேலே பார்த்த 24 மைல் என்பது நீருக்குள் போகும் தூரம். 4 நாட் எதிர் நீரோட்டத்தில் 4 நாட்டில் ஓடினால் ஆறு மணி நேரமும் பாலத்தின் அடியிலேயே நிற்போம். 5 நாட்டுக்கு ஏற்றினால் மூன்று மணி நேரத்தில் மூன்று மைல் நகர்ந்திருப்போம், பேட்டரி காலி. வற்று நீர் மேற்குக் காற்றை எதிர்த்து வரும் பிற்பகல்களில் அலை செங்குத்தாக எழும்; அப்போது அமைதி நீரில் எடுத்த எண்கள் எதுவும் செல்லுபடியாகாது, திறன் தேவை இரு மடங்கானாலும் வியப்பதற்கில்லை.

அதே நீரோட்டத்தோடு சேர்ந்து போனால் 4 நாட் படகு தரையளவில் 8 நாட்டில் பறக்கும். ஆக, இங்கே மின் படகு ஓட்டுபவருக்கு மிக முக்கியமான கருவி நீரோட்ட அட்டவணை. அமெரிக்க அரசின் என்ஓஏஏ அமைப்பு, எந்த நிமிடத்தில் நீர் திரும்பும் என்று முன்கூட்டியே வெளியிடுகிறது. நீர் நிற்கும் நேரம் பார்த்துக் கிளம்பி, திரும்பும் நீரோடு வீடு வருபவருக்கு 12 கிலோவாட்-மணி தாராளம்.

இது புதிய பழக்கமும் அல்ல. இந்த விரிகுடாவில் இன்ஜினே இல்லாத தட்டையடிப் பாய்க்கப்பல்கள் வைக்கோலும் மரமும் சுமந்து பிழைத்தன. 1891-இல் கட்டப்பட்ட ஆல்மா என்ற ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ கடல்சார் தேசிய வரலாற்றுப் பூங்காவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அவற்றை ஓட்டியவர்கள் நீரின் நேரத்துக்குத் தங்கள் நேரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். டீசல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பேட்டரி அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவருகிறது.

மெல்லிய காற்றில் கிடைக்கும் பரிசு

எண்களை மட்டும் பார்த்தால் இதுவரை நஷ்டக் கணக்காகவே தோன்றும். ஆனால் மாற்றியவர்கள் திரும்பவும் டீசலை நினைக்காததற்குக் காரணம் இருக்கிறது. என் பார்வையில் அதில் முதலிடம் சத்தமின்மைக்கு இல்லை. பாயும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் முறைக்கு.

காற்று மெலிந்து படகு ஒன்றரை நாட்டில் ஊசலாடும் நேரம் ஒன்று உண்டு. டீசல் படகில் அப்போது இன்ஜினைப் போட்டுப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். ஐந்தரை நாட்டில் ஓடும் படகில் மெல்லிய காற்றுக்கு வேலை இல்லை. மின் படகில் 500 வாட் மட்டும் கொடுக்கலாம். படகு மெல்ல நகரத் தொடங்கும். படகு நகர்வதாலேயே பாயின் மேல் படும் காற்று சற்றுக் கூடும், அதன் திசையும் முன்பக்கம் திரும்பும். தொங்கிக்கொண்டிருந்த பாய் நிறைந்து தானும் இழுக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து மூன்றரை நாட் வந்துவிடும். அரைக் கிலோவாட்டில் பன்னிரண்டு கிலோவாட்-மணி ஒரு முழு நாளுக்கு வரும். டீசல் இன்ஜினை இந்த அளவுக்குக் குறைத்து மணிக்கணக்கில் ஓட்ட முடியாது; சுமையில்லாமல் குளிர்ந்து ஓடினால் சிலிண்டரில் கரி படியும்.

அந்தக் கரிதான் இன்னொரு விஷயத்தையும் விளக்குகிறது. வாரக் கடைசியில் பத்து நிமிடம் இன்ஜினைப் போட்டுத் துறையை விட்டு வெளியேறி, மாலையில் இன்னொரு பத்து நிமிடம் போட்டு உள்ளே வருபவர்தான் டீசலை மிக விரைவில் கெடுப்பவர். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது. எந்தப் பயன்பாடு டீசலுக்கு மிகக் கேடானதோ அதே பயன்பாடு மின்மோட்டாருக்கு மிகப் பொருத்தமானது. அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு கிலோவாட்-மணிகூடச் செலவாகாது.

யாருக்குச் சரி

ஏரிகளில் இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. பவேரியாவின் கோனிக்ஸே ஏரியில் பயணிகள் படகுகள் 1909 முதல் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அதே பகுதியின் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் எரிபொருள் இன்ஜின்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. படகுகளுக்கு மின்மோட்டார் செய்யும் டார்கீடோ நிறுவனம் 2005-இல் அந்த ஏரிக்கரை ஊரில் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆம்ஸ்டர்டாம் நகர மையக் கால்வாய்களில் உல்லாசப் படகுகளுக்கு 2025 முதல் புகையில்லா விதி வந்திருக்கிறது. நம் பக்கத்தில் கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா என்ற சூரியப் படகும் இதே வரிசைதான்: 75 பேர், குறுகிய காயல் பாதை, ஒவ்வொரு பயணத்தின் தூரமும் முன்பே தெரிந்தது. தூரம் தெரிந்த இடத்தில் பேட்டரியை அளந்து வைக்கலாம்.

பாய்மரப் படகில் தூரம் முன்பே தெரிவதில்லை, அதுதான் சிக்கல். அமெரிக்கக் கிழக்குக் கரையின் உள்நீர்வழியில் தினம் ஐம்பது மைல் மோட்டாரிலேயே தெற்கு நோக்கிப் போகிறவருக்கு இது ஆகாது. திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதால் காற்றில்லாவிட்டாலும் முப்பது மைல் ஓட்டி வருகிறவருக்கும் ஆகாது. அவர்கள் நல்ல டீசலைத் தேடிப் போடுவதில் எந்தக் குறையும் இல்லை. விரிகுடாவுக்குள் பாயில் ஓட்ட வருபவருக்கும், காற்று வரும் வரை கடலில் காத்திருக்கும் மனமுள்ள நெடும்பயணிக்கும் இது சரியாக அமையும். ஒருவர் எந்தப் பக்கம் என்பதை அவருடைய ஆசை சொல்லாது. இன்ஜினின் மணிக்கணக்குக் கருவி சொல்லும். ஒரு பருவம் முழுவதும், ஒவ்வொரு முறையும் இன்ஜின் எத்தனை நிமிடம் ஓடியது, எந்த வேகத்தில், ஏன் என்று எழுதி வைத்தால் போதும். அதில் மிக நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் தயங்க வேண்டாம்.

சுற்றுச்சூழலுக்காக மாற்றுகிறவர்களிடம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாரக் கடைசிப் படகு ஆண்டுக்கு நூறு லிட்டர் டீசல் எரித்தால் அதிகம், லிட்டருக்கு 2.7 கிலோ என்ற கணக்கில் 270 கிலோ கரியமில வாயு. லித்தியம் பேட்டரி தயாரிக்க ஒரு கிலோவாட்-மணிக்கு 60 முதல் 100 கிலோ வரை வெளியேறுவதாகக் கொண்டால், நம் பேட்டரியே ஒரு டன்னை ஒட்டி வரும். நான்கைந்து ஆண்டு ஓடினால்தான் சமன் ஆகும். பேட்டரி அதைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும் என்பதால் மொத்தத்தில் லாபமே. ஆனால் பெரிய லாபம் உள்ளூரில் இருக்கிறது. படகின் அடிவயிற்றில் கசிந்த எண்ணெய் பம்பு வழியாக நீரில் கலப்பது நிற்கும். நங்கூரமிட்ட ஓடையில் புகை தங்காது.

வேலை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது அளப்பது. நீர் நிற்கும் நேரம் பார்த்துக் காற்றில்லாத காலையில் படகை எடுத்து, அரை நாட் அரை நாட்டாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். போன பாதையிலேயே எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுத்தால் மிச்சசொச்ச நீரோட்டத்தின் பிழை நீங்கும். அந்தத் தாளைச் சுக்கானுக்கு அருகில் ஒட்டிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, படகின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்த பிறகு, அதே அளவீட்டைத் திரும்பச் செய்தால் அதே 4 நாட்டுக்குக் கூடுதல் கிலோவாட் கேட்பது தெரியும். டீசல் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்த வித்தியாசம் இப்போது மைல் கணக்கில் குறையும். அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவும் நாளை இனி நாட்காட்டி பார்த்து வைக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு தாள்களை ஒப்பிட்டு வைக்கலாம்.